மூன்றாம் நபர்

ஆனி மாசத்துக் காற்று
பணகுடி ஸ்டேஷன் வேம்பை உலுக்கி
என் ஆம்னியின் தலையில்
மஞ்சள் பழமாய்க் கொட்டுகிறது.
மூன்று நாளாய் அங்கேதான் நிற்கிறது,
ஒரு மணல் லாரிக்கும்
முகம் நசுங்கிய ஒரு பைக்குக்கும் நடுவில்.

உள்ளே நாற்பத்தாறு நைட்டி,
இருபது உள்பாவாடை,
யார் யார் எவ்வளவு தரணும் என்று எழுதிய நோட்டு.
ஆடித் தள்ளுபடி என்று நானே எழுதிய அட்டை
கண்ணாடியில் சாய்ந்தபடி
லாக்கப்பைப் பார்த்துக் கூவுகிறது.

ஏட்டு முப்புடாதி கோபக்காரர் இல்லை.
அபராத மெஷினில் ஒற்றை விரலால்
தங்கபுஷ்பத்தைத் தேடித் தேடி அடித்துவிட்டு,
“இன்சூரன்ஸக் கொண்டாங்க,
வண்டிய எடுத்துக்கிடுங்க” என்றார்.

மெசேஜ் மூன்று முறை வந்தது.
பார்த்தேன். மறைக்க என்ன இருக்கிறது.
சூரத் கட்டுக்கு முன்பணம் அனுப்பிய வாரம் அது.
நாலு மாசம் ஓடாதா என்று நினைத்தேன்.
ஓடியது,
காவல்கிணறு விலக்கு வரைக்கும்.

வள்ளியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில்
ஏஜென்ட் பிரமநாயகம்.
“ஆர்.சி. புக்கு கொண்டாந்தியளா?”
புக் வண்டிக்குள்ளே.
வண்டி ஸ்டேஷனுக்குள்ளே.
சாவி ஏட்டின் மேஜை டிராயருக்குள்ளே.
இன்சூரன்ஸ் வந்தால்தான் சாவி என்கிறார் அவர்,
புக்கைப் பார்த்தால்தான் இன்சூரன்ஸ் என்கிறார் இவர்.
இரண்டு தடவை பஸ்ஸில் போய் வந்தேன்.
வழிநெடுகக் காற்றாலைகள்
இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன.
சிரிக்கலாம் போல இருந்தது.
டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், என்ன தோன்றியதோ,
ஏட்டு சாவியோடு எழுந்து வந்தார்.
“கைய மட்டும் உள்ள விடுங்க.
வேற எதையும் தொடக் கூடாது.”
என் வண்டிக்குள் என் கை
களவாணிக் கை மாதிரி நுழைந்தது.
புக்கோடு சேர்ந்து
வெயிலில் வெந்த புதுத்துணி வாசமும் வந்தது.
அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“ஃபுல்லா, தேர்ட் பார்ட்டியா?” என்றார் பிரமநாயகம்.
என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்:
“வண்டிக்கு வயசு பதினாறு. தேர்ட் பார்ட்டி போதும்.
ஆனா ஒண்ணு சொல்லுதேன்,
உங்க வண்டிக்குன்னு பத்துப் பைசா வராது.
நீங்க இடிக்கிய ஆளுக்குத்தான்.”
“யாரு அது?” என்றேன்.
அதை அவர் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.
முதல் ஆள் நான்,
இரண்டாம் ஆள் கம்பெனி,
மூன்றாம் ஆளின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை.
மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சம்.
ஊரெல்லாம் எனக்குக் கடன்பட்ட நோட்டை வைத்திருப்பவள்
அதில் இல்லாத ஒருத்தருக்குப்
பணம் கட்டினேன்.

பிரிண்ட் தாளின் சூடு ஆறுமுன் ஸ்டேஷன்.
கையெழுத்துப் போடும்போது காற்றில் தாள் பறந்து
அந்தப் பைக்கின் மேல் போய் ஒட்டிக்கொண்டது.
எடுக்கப் போனேன்.
டேங்கில் ஸ்டிக்கர்: ஜெனிலா, ஒரு பூ, ஆஷிக்.
“இத இடிச்ச வண்டிக்கு
இன்சூரன்ஸ் இருந்துதா சார்?”
ஏட்டு வேம்பைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.
“சாவியப் பிடிங்கம்மா” என்றார்.

வடக்கன்குளத்துக்குப் பதினைந்து நிமிஷ ரோடு.
தாளை டாஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.
நுங்கு வண்டிக்காரன் ஒருவன்.
ஆட்டுக்குப் பின்னால் குடை பிடித்து ஒருத்தி.
சைக்கிளில் கேரியருக்கு மேலே இன்னொரு பையன்.
ஒவ்வொருவராக வந்தார்கள்,
ஒவ்வொருவருக்கும் கால் பிரேக்குக்குப் போனது.
பின்னால் விடாமல் ஹாரன்.
கடைசியில் டெம்போக்காரன் பக்கத்தில் ஏறி வந்து
தலையை நீட்டினான்:
“என்னக்கா, முட்டையா ஏத்திருக்கிய?”

“நைட்டி” என்றேன்.